கன் ஷோவுல பழைய துப்பாக்கி சல்லிசா வாங்குறது எப்படி: முழு வழிகாட்டி

அமெரிக்காவுல டல்சா எக்ஸ்போ ஸ்கொயருக்குள்ள முதல் தடவை நுழையுறவங்களுக்கு தலை சுத்தும், 11 ஏக்கர் ஒரே கூரை, 4,000க்கும் மேல டேபிள், ஏப்ரல்ல ஒரு தடவை நவம்பர்ல ஒரு தடவைன்னு வருஷத்துக்கு ரெண்டு தரம் நடக்குற வேனன்மேக்கர் ஆர்ம்ஸ் ஷோ இது, துப்பாக்கி வாங்கி விக்குற பெரிய சந்தை. நான் டல்லாஸ்ல இருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டிட்டு போவேன். ஒக்லஹோமாவுல இருக்குற இந்த ஷோ மாதிரி பெருசு வேற ஊர்ல அபூர்வம், ஆனா நான் இங்க சொல்றது உங்க ஊர் பள்ளிக்கூட மைதானம் சைஸ் ஹால்ல நடக்குற சின்ன ஷோவுக்கும் அப்படியே பொருந்தும்.

பழைய துப்பாக்கி சேர்க்குறதுன்னா சண்டைக்கோ பாதுகாப்புக்கோ வாங்குறது இல்ல. நாணயம் சேர்க்குறவங்க, ஸ்டாம்ப் சேர்க்குறவங்க மாதிரிதான், ஒரு காலத்தோட ஃபேக்டரி வேலை, மரம், இரும்பு, அதுல குத்தியிருக்குற முத்திரை இதையெல்லாம் கையில வச்சு பார்க்குற ஆசை. சிங்கர்னா நமக்கு தையல் மெஷின், அம்மா மிதிச்ச அதே சிங்கர் கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்கு வெறும் 500 பிஸ்டல் செஞ்சு குடுத்திருக்கு, எம்1911ஏ1. ஐபிஎம்ல வேலை பாக்குற நம்ம பசங்க எத்தனை பேருக்கு தெரியும், அந்த ஐபிஎம் ரெண்டாம் உலகப்போர்ல எம்1 கார்பைன் ரைஃபிள் செஞ்சுச்சு, பாட்டுப் பெட்டி செஞ்ச ராக்-ஓலாவும் செஞ்சுச்சு. இந்த மாதிரி விஷயம்தான் என்னை இழுத்துச்சு.

எதுக்கும் முன்னாடி: உங்களுக்கு சட்டப்படி அனுமதி இருக்கா?

இதை கடைசியில குட்டியா போடக்கூடாது, நம்ம ஆளுங்க மாட்டிக்குற இடமே இதுதான். எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி நான்-இமிக்ரன்ட் விசாவுல இருக்கீங்கன்னா ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது. செல்லுபடியாகுற ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா அதை நம்பி இறங்குறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட உக்காந்து பேசிடுங்க, ஏன்னா தப்பு நடந்தா போறது துப்பாக்கி மட்டும் இல்ல, விசாவும் சேர்ந்து போகும். நண்பர் பேர்ல வாங்கிக்கலாம்னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே எழுந்து வந்துடுங்க, அது கிரிமினல் குற்றம். நான் க்ரீன் கார்டு வர்ற வரைக்கும் ஷோவுக்கு போய் கையை பின்னாடி கட்டிட்டு பார்த்துட்டு மட்டும்தான் வந்தேன், பல வருஷம். அந்த வருஷங்கள் வீணாப் போகல, அதை கீழ சொல்றேன்.

க்ரீன் கார்டு, சிட்டிசன் ரெண்டு பேரும் வாங்கலாம். லைசென்ஸ் இருக்குற டீலர்கிட்ட வாங்குனா 4473 ஃபார்ம் நிரப்பணும், நிக்ஸ்ங்கிற ஃபெடரல் பேக்ரவுண்ட் செக் நடக்கும், 1998 நவம்பர்ல இருந்து இதான் நடைமுறை. நீளத் துப்பாக்கிக்கு 18 வயசு, கைத்துப்பாக்கிக்கு 21. வேற மாநிலத்து ஷோவுக்கு போறீங்கன்னா இதை நல்லா கவனிங்க: கைத்துப்பாக்கியை கையோட எடுத்துட்டு வர முடியாது, உங்க மாநிலத்து டீலருக்கு அனுப்பி அங்கதான் வாங்கிக்கணும். ரைஃபிள், ஷாட்கன் டீலர்கிட்ட வாங்குனா ரெண்டு மாநில சட்டத்துக்கும் ஒத்து வந்தா எடுத்துட்டு வரலாம். தனி ஆள்கிட்ட இருந்து வேற மாநிலத்துக்காரர் நேரா வாங்குறது கூடாது, டீலர் வழியாத்தான்.

1898ல அல்லது அதுக்கு முன்னாடி செஞ்சது ஃபெடரல் சட்டத்துல ஆன்டிக், அதுக்கு விதி வேற. 50 வயசு தாண்டி பழைய நிலையிலயே இருக்குறது க்யூரியோ அண்ட் ரெலிக், சுருக்கமா சி அண்ட் ஆர். இதுக்குன்னே சேகரிப்பாளர் லைசென்ஸ் ஒண்ணு இருக்கு, டைப் 03, மூணு வருஷத்துக்கு 30 டாலர்தான். அது கையில இருந்தா சி அண்ட் ஆர் துப்பாக்கியை வேற மாநிலத்துலயும் நேரா வாங்கலாம், ஆனா வாங்குறது விக்குறது எல்லாத்தையும் ஒரு நோட்டுல முறையா எழுதி வைக்கணும், வியாபாரம் பண்ணக்கூடாது. சேகரிப்புல உண்மையான ஆர்வம் இருக்குறவங்க முதல்ல செலவு பண்ண வேண்டிய 30 டாலர் இது. கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி இடத்துல மாநில சட்டம் இதைவிட கெடுபிடி, அதை தனியா பாத்துக்குங்க. இன்னொண்ணு, இதை ஊருக்கு கொண்டு போகலாம்ங்கிற நினைப்பே வேண்டாம்.

முதல் வேலை வீட்டுல: ஒண்ணே ஒண்ணை எடுத்து கரைச்சு குடிங்க

சல்லிசா கிடைக்குறதுக்கு காரணம் அதிர்ஷ்டம்னு நினைக்குறாங்க. இல்லவே இல்ல. டேபிளுக்கு அந்தப் பக்கம் நிக்குற ஆளுக்கு தெரியாத ஒண்ணு உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான் விஷயம். அவர் டேபிள்ல 60 துப்பாக்கி இருக்கும், 60 பத்தியும் அவருக்கு ஆழமா தெரியாது. நீங்க ஒரே ஒரு வகையை மட்டும் அவரைவிட நல்லா தெரிஞ்சு வச்சுக்க முடியும்.

எதை எடுக்குறது? உங்களுக்கு மனசுல ஒட்டுற ஒண்ணை எடுங்க, அப்பத்தான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து படிக்க தோணும். எனக்கு லீ-என்ஃபீல்ட், பிரிட்டிஷ் காலத்து .303 ரைஃபிள். சின்ன வயசுல ஊர் போலீஸ் ஸ்டேஷன்ல பாரா நின்னவர் தோள்ல பாத்த த்ரீ நாட் த்ரீ மனசுலயே நின்னுடுச்சு. இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சது, நம்ம நாட்டுல மேற்கு வங்காளத்து இஷாப்பூர் ஃபேக்டரியில செஞ்சது அமெரிக்க டேபிள்ல கிடக்குதுன்னு. சுதந்திரத்துக்கு முன்னாடி செஞ்சதுல கிரீடமும் ராஜா பேர் எழுத்தும் இருக்கும், பின்னாடி செஞ்சதுல அசோகர் சிங்கம் இருக்கும், ஆர்எஃப்ஐன்னு குத்தியிருக்கும். முன்பக்க மரத்துல குறுக்கால ஒரு ஸ்க்ரூ போட்டிருப்பாங்க, இஷாப்பூர் ஸ்க்ரூன்னே அதுக்கு பேரு, அதை யாரோ பின்னாடி போட்ட ஒட்டு வேலைன்னு நினைச்சு ஒதுக்குறவங்களும் உண்டு.

உங்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் பிடிக்குதா, 1957ல இருந்து மாடல் நம்பர் போட ஆரம்பிச்சாங்க, சிலிண்டரை திறந்தா யோக், அதாவது சிலிண்டரை தாங்குற கை, மறைச்சிருந்த இடத்துல இருக்கும், 19-3ன்னு இருந்தா அந்த கோட்டுக்கு அப்புறம் வர்ற 3தான் டிசைன் மாத்தத்தோட கணக்கு. 1980களோட ஆரம்பம் வரைக்கும் பேரலை ஒரு பின் வச்சு இறுக்கியிருப்பாங்க, மேக்னம் சிலிண்டர்ல தோட்டா அடிப்பாகம் உள்ள இறங்குற மாதிரி பள்ளம் வெட்டியிருப்பாங்க, இந்த ரெண்டும் இருந்தா சேகரிக்குறவங்க கூட குடுக்குறாங்க. வின்செஸ்டரா, 1964ல உற்பத்தி முறையை மாத்துனாங்க, அதனால ப்ரீ-64ங்கிற வார்த்தைக்கே ஒரு விலை இருக்கு. ஜப்பான் அரிசாகா ரைஃபிள்னா ரிசீவர், அதாவது போல்ட் ஓடுற இரும்பு உடல், அது மேல சாமந்திப்பூ முத்திரை, சரணடைஞ்சப்போ நிறையதுல அதை தேச்சு எடுத்துட்டாங்க, பூ முழுசா இருக்குறதுக்கு மதிப்பு ஜாஸ்தி. இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பத்து அடையாளம் இருக்கும், அந்த பத்து உங்க விரல் நுனியில இருக்கணும்.

விலையை எங்க பாக்குறது? கன்புரோக்கர் ஏல வெப்சைட்ல போட்டிருக்குற விலையை பாக்காதீங்க, யாரு வேணா எவ்வளவு வேணா போடலாம். முடிஞ்ச ஏலத்தை பாருங்க, நிஜமா காசு கை மாறுன தொகை அதுதான். ராக் ஐலண்ட் மாதிரி பெரிய ஏலக் கம்பெனிங்க பழைய ஏல முடிவை வெளியிடுறாங்க, அதுல போட்டோவும் தெளிவா இருக்கும். எம்1 கராண்ட் ரைஃபிள்னா, ராணுவத்தோட பழைய ரைஃபிளை மக்களுக்கு விக்குற சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் ப்ரோக்ராம் தன் விலைப்பட்டியலை வெளிப்படையா போடுது, அங்க கிடைக்குற கிரேடையே ஷோவுல பல நூறு டாலர் கூட்டி விக்குற டேபிளை நீங்க கண்டிப்பா பாப்பீங்க. நான் ஒரு சின்ன பாக்கெட் நோட்டுல மூணு விலை எழுதிட்டு போவேன்: நல்ல நிலையில இவ்வளவு, சுமாரா இருந்தா இவ்வளவு, இதுக்கு மேல தொடமாட்டேன் இவ்வளவு. ஹாலுக்குள்ள அந்த எண்ணெய் வாசனையில புத்தி மயங்கும், அப்போ அந்த நோட்டுதான் காப்பாத்தும்.

பையில என்ன எடுத்துட்டு போறது

சின்ன டார்ச், பேரலுக்குள்ள போடுற போர் லைட், 10 மடங்கு பெருசாக்குற லூப், அளவு டேப், நோட்டு, பேனா, ரெண்டு காட்டன் துணி. கேஷ், அதுவும் 20, 50, 100ன்னு கலந்து தனித்தனி பாக்கெட்ல. டிரைவிங் லைசென்ஸ், க்ரீன் கார்டுன்னா அதையும் கையில வைங்க, சி அண்ட் ஆர் இருந்தா கையெழுத்து போட்ட காப்பி நாலஞ்சு. நல்ல ஷூ, சிமெண்ட் தரையில எட்டு மணி நேரம் நடந்தா முட்டி பேசும்.

ஹாலுக்குள்ள நடக்குற விதம்

வாசல் பக்கத்து டேபிள்ல எல்லாம் புது துப்பாக்கி, பீஃப் ஜெர்க்கி, கத்தி, டீ-ஷர்ட். தாண்டிப் போங்க. நமக்கு வேண்டியது ஓரத்துலயும் மூலையிலயும் இருக்கும், பெரும்பாலும் வயசான ஆளுங்க, பச்சை நிற ஃபெல்ட் துணி விரிச்சு, கையால எழுதுன சீட்டு கட்டி வச்சிருப்பாங்க. முதல் சுத்துல எதையும் வாங்காதீங்க, டேபிள் நம்பர், என்ன பொருள், என்ன விலைன்னு எழுதிட்டே நடங்க. இதுல ஒரு ஆபத்து இருக்கு, ரெண்டாவது சுத்துக்குள்ள வேற யாராவது தூக்கிடுவாங்க. அதனால என் கணக்கு இதுதான், நோட்டுல இருக்குற நடு விலைக்கும் கீழ, என் சொந்த வகையில, சந்தேகமே இல்லாத ஒண்ணு கண்ணுல பட்டா அங்கயே நின்னு முடிச்சிடுவேன். மத்ததெல்லாம் ரெண்டாவது சுத்துதான்.

விக்குறதுக்கு இல்லன்னு போர்டு வச்சு வெறும் பார்வைக்கு வச்சிருக்குற டேபிளை நிறைய பேர் தாண்டிப் போயிடுறாங்க. அய்யோ, அங்கதான் படிப்பே. 40 வருஷமா ஒரே வகையை சேர்த்தவர் நாற்காலி போட்டு உக்காந்திருப்பார், பேச ஆள் வராதான்னு காத்துட்டு இருப்பார். மரியாதையா, சார் இதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு கேள்வி கேட்டா போதும், அரை மணி நேரம் சொல்லிக் குடுப்பார். க்ரீன் கார்டுக்கு காத்திருந்த வருஷத்துல நான் கத்துக்கிட்டது எல்லாம் அந்த மாதிரி டேபிள்லதான்.

சனிக்கிழமை காலையில பொருள் நிறைய, விலை இறங்காது. ஞாயிறு மதியம் பொருள் கம்மி, ஆனா திரும்ப வண்டியில ஏத்தணுமேன்னு நினைக்குற ஆளு இறங்கி வருவார். ரெண்டு நாளும் போக முடிஞ்சா போங்க, ஒரு நாள்தான்னா நான் ஞாயித்துக்கிழமைன்னு சொல்வேன்.

கையில எடுத்து பாக்குறது: இங்க நேரம் செலவு பண்ணுங்க

கேக்காம தொடாதீங்க. பாக்கலாமான்னு கேட்டு, தலையாட்டுனதுக்கு அப்புறம் எடுங்க. வாசல்லயே ஜிப் டை போட்டு ஆக்ஷனை, அதாவது தோட்டா ஏத்துற பாகத்தை, கட்டியிருந்தாலும் நீங்களே ஒரு தடவை காலியான்னு பாக்கணும், முடியலன்னா அவரை காட்டச் சொல்லுங்க. வாயை யாரு பக்கமும் திருப்பாதீங்க, விரல் ட்ரிகர் பக்கம் போகக்கூடாது, ரிவால்வர் சிலிண்டரை சினிமாவுல மாதிரி உதறி மூடாதீங்க, அது யோக்கை வளைச்சிடும். ட்ரிகர் இழுத்து பாக்கணும்னா தனியா அனுமதி கேளுங்க, .22 ரிம்ஃபயர்ல இழுக்குற பேச்சே வேண்டாம்.

முதல்ல மேல்பூச்சு, அதாவது ப்ளூயிங். பழைய பூச்சு எங்க தேயணுமோ அங்கதான் தேஞ்சிருக்கும்: வாய்ப்பகுதி, கை பிடிக்குற இடம், ஹோல்ஸ்டர்ல உரசுற ஓரம். 90 வயசு துப்பாக்கி கன்னங்கரேல்னு மினுக்குதுன்னா கண்ணை கிட்ட கொண்டு போங்க. திரும்ப பாலிஷ் போட்டு பூசுனா மூலை முனையெல்லாம் மழுங்கும், ஸ்க்ரூ ஓட்டை ஓரம் கிண்ணம் மாதிரி குழியும், எழுத்து பாதி கரைஞ்சு போன சோப்பு மேல எழுத்து மாதிரி ஆயிடும். ஃபேக்டரியில எழுத்தை உருட்டி அழுத்துறப்போ இரும்பு ரெண்டு பக்கமும் மெல்லிசா மேடு தள்ளும், நகத்தை மெதுவா இழுத்தா சில துப்பாக்கியில அது தட்டுப்படும், பாலிஷ் போட்டதுல வழவழன்னு போயிடும். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்ல ஹேமரும் ட்ரிகரும் கேஸ் கலர், வானவில் தெளிச்ச மாதிரி இருக்கும், அதுவும் சேர்ந்து கருப்பா இருந்தா யாரோ மொத்தமா முக்கி எடுத்திருக்காங்க. கைப்பிடி அடியில சீரியல் நம்பர் கிட்ட குட்டி நட்சத்திரம் இருந்தா ஃபேக்டரிக்கே திரும்பப் போய் வேலை நடந்திருக்குன்னு அர்த்தம்.

இதுல நான் பட்ட அடி ஒண்ணு இருக்கு. க்ரீன் கார்டு வந்த புதுசுல, பேர் வேண்டாம், ஒரு டேபிள்ல ஐபிஎம் கார்பைன், எல்லா பார்ட்டும் ஒரிஜினல்னு சொன்னார், ரிசீவர்ல ஐபிஎம்னு பாத்ததுமே எனக்கு மனசு பறந்துடுச்சு, என்கிட்ட இருந்த கேஷ் பூரா குடுத்து வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து கழட்டி வச்சு ஒவ்வொண்ணா லூப்ல பாத்தா ஸ்டாக், அதாவது மரப்பாகம், வேற கம்பெனி, ட்ரிகர் ஹவுசிங் வேற, குறி பாக்குற பின்பக்க சைட் திருகி சரி பண்ற பிற்கால சைட், முன்னாடி பயனெட் கத்தி மாட்டுற பேண்டும் பிற்காலத்துது. போருக்கு அப்புறம் ராணுவ ஒர்க்‌ஷாப்ல லட்சக்கணக்குல கார்பைனை பிரிச்சு கலந்து கட்டியிருக்காங்க, அதுல ஒண்ணு இது. சுடுறதுக்கு அருமையான கார்பைன், சரித்திரமும் உண்டு, ஆனா நான் குடுத்தது கலக்காத துப்பாக்கிக்கான விலை. அன்னைக்கு நைட் தூங்கல. சேகரிக்குறவங்க நடுவுல ஒரு பேச்சு உண்டு, காசை துப்பாக்கிக்கு குடு கதைக்கு குடுக்காதேன்னு, அது எனக்கு அப்பத்தான் உறைச்சுது. தாத்தா நார்மண்டியில இருந்து கொண்டு வந்ததுன்னு யார் சொன்னாலும் கேட்டுக்கோங்க, எழுத்துல பேப்பர் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா கதைக்கு விலை பூஜ்யம்.

அப்புறம் நம்பர். போல்ட், ரிசீவர், பேரல், சில வகையில ஸ்டாக், மேகசின் வரைக்கும் ஒரே சீரியலா இருக்கணும். ஜெர்மன் மவுசர் கே98ல சின்ன சின்ன பார்ட்ல கூட நம்பரோட கடைசி ரெண்டு இலக்கம் இருக்கும், அதோட ரிசீவர்ல எக்ஸ் குறி இருந்தா ரஷ்யா பிடிச்சு பிரிச்சு கட்டுனதுன்னு எடுத்துக்கலாம், போல்ட்ல மின்சார பேனாவால எழுதுன நம்பரும் அதைத்தான் சொல்லும். பேரல் வாய் பக்கத்துலயோ ரிசீவர் ஓரத்துலயோ இறக்குமதி கம்பெனி பேர் பொடி எழுத்துல இருக்கான்னு தேடுங்க, அது இருந்தா விலை குறையணும், சீட்டுல அதை யாரும் எழுதி வைக்க மாட்டாங்க.

பேரல் உள்ள: போர் லைட்டை அறைப்பக்கம் வச்சு வாய் வழியா பாருங்க. கோடுகள் கூர்மையா இருக்கா, சொரசொரன்னு குழி இருக்கா, நடுவுல கருப்பா ஒரு வளையம் தெரியுதா? வளையம்னா உள்ள எதோ அடைச்சிருந்தப்போ சுட்டு பேரல் வீங்கியிருக்கு, வெளிய விரலை ஓட்டுனா மேடு தெரியும், கீழ வச்சிட்டு நன்றி சொல்லிட்டு நகருங்க. அழுக்கா இருக்குறதை பாத்து பயப்படாதீங்க, அழுக்கு போயிடும், குழி போகாது. ரிவால்வர்னா அனுமதியோட மெதுவா ஹேமரை ஏத்தி சிலிண்டர் பூட்டுதான்னு பாருங்க, முன்ன பின்ன ஆடுதான்னு பாருங்க, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோட நடு சைஸ் .357 கே ஃப்ரேம்ல பேரல் பின்வாய் அடிப்பக்கம் விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க.

மரத்துல விரிசல், வெட்டு. முன்பக்க மரத்தை அறுத்து வேட்டைக்கு ஏத்த மாதிரி மாத்தியிருந்தா, ஸ்கோப்புக்கு ரிசீவர்ல ஓட்டை போட்டிருந்தா, சேகரிப்பு மதிப்பு போச்சு. எவ்வளவு சல்லிசா குடுத்தாலும் அது சல்லிசு இல்ல.

எந்த மாதிரி பொருள்ல நிஜமா லாபம் இருக்கு

என் அனுபவத்துல மூணு இடம். தப்பா பேர் எழுதுன சீட்டு. அசிங்கமா இருக்குறதால யாரும் சீண்டாதது. சின்ன பார்ட் ஒண்ணு இல்லாதது, அது வேற டேபிள்லயே 15 டாலருக்கு கிடைக்கும்னு உங்களுக்கு தெரிஞ்சிருந்தா.

ரெண்டாவதுக்கு ஸ்விட்சர்லாந்து ராணுவத்து கே31 ரைஃபிள் மாதிரி உதாரணம் கிடையாது. ஸ்டாக் அடிப்பாகம் பனியிலயும் ஈரத்துலயும் அடிபட்டு கருத்து செதிலா கிடக்கும், பாக்குறவங்க முகம் சுளிச்சிட்டு போவாங்க. பேரல் உள்ள லைட் அடிச்சா கண்ணாடி. அது மட்டும் இல்ல, ஸ்டாக் அடியில இருக்குற இரும்பு பட் ப்ளேட்டோட ரெண்டு ஸ்க்ரூவை கழட்டுனா உள்ள சில துப்பாக்கியில அந்த சிப்பாய் பேரும் ஊரும் எழுதுன சீட்டு இன்னும் இருக்கும். எங்க வீட்டு கே31ல ஸ்க்ரூவை திருப்புறப்போ எனக்கு கை நடுங்குச்சு, உள்ள பழுப்பு நிறத்துல நாலா மடிச்ச சீட்டு, டைப் அடிச்ச பேரு. வாங்குறதுக்கு முன்னாடி டேபிள்ல வச்சு கழட்டக்கூடாது, அது மரியாதை இல்ல.

முதல் வகைக்கு என் இஷாப்பூர். நவம்பர், ஞாயித்துக்கிழமை மூணு மணி இருக்கும், ஆளுங்க பாதி டேபிளை மூட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு பெரியவர், கூட அவர் பேரன், 12 வயசு இருக்கும். டேபிள்ல வேட்டை ஷாட்கன், மீன்பிடி ரீல், நடுவுல ஒரு என்ஃபீல்ட், சீட்டுல .303 பிரிட்டிஷ், 450 டாலர்னு நீல பேனாவுல எழுதியிருந்தது. மேகசினை பாத்ததும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்குச்சு. .303 மேகசின் அடிப்பக்கம் சாய்வா இருக்கும், இது பெட்டி மாதிரி சதுரமா இருந்தது. பாக்கலாமா சார்னு கேட்டு எடுத்து, போல்ட் திறந்து காலின்னு பாத்துட்டு, பட் பக்கத்து இரும்பு வளையத்துல டார்ச் அடிச்சேன். பச்சைப் பெயிண்ட் மாதிரி ஒரு பூச்சு, அதுக்கு கீழ 7.62, 2ஏ1, ஆர்எஃப்ஐ, 1967. பின்பக்க சைட் 800 மீட்டரோட நின்னுது, அதுவும் 2ஏ1ங்கிற மாடலுக்கு சரி. போல்ட் நம்பர் ரிசீவர் நம்பர் ஒண்ணு.

அவர்கிட்ட நேரா சொல்லிட்டேன், சார் இது .303 இல்ல, இந்தியாவுல 7.62 நேட்டோவுக்குன்னே புதுசா செஞ்சது, சீட்டை நம்பி யாராவது தப்பு தோட்டா வாங்கிட்டு போனா ஆபத்துன்னு. விலை ஏறிடும்னு தெரிஞ்சேதான் சொன்னேன், பேரன் பக்கத்துல நிக்குறான், வேற வழி எனக்கு தோணல. அவர் கண்ணாடியை போட்டு ரெண்டு நிமிஷம் பாத்தார். நீ எங்க இருந்து வர்றேன்னு கேட்டார், இது செஞ்ச நாட்டுல இருந்துன்னு சொன்னேன். பழைய ஸ்லிங், அதாவது தோள் பட்டையையும் சேர்த்து 400க்கு குடுத்தார். அன்னைக்கு முடிஞ்ச ஏல விலைக்கு அது நல்லாவே கீழ.

புதுசா வர்றவங்க கிட்டயே போகக்கூடாததும் இருக்கு: ஜெர்மன் லூகர் பிஸ்டல், நாஜி கழுகு முத்திரை குத்துன பிஸ்டல், கோல்ட் கம்பெனி சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர், சிங்கர் 1911. போலி அதிகம், 500தான் செஞ்சாங்கன்னா சல்லிசா ஒரு டேபிள்ல ஏன் கிடக்கப் போகுது? கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், வின்செஸ்டர்னா சீரியல் நம்பரை குடுத்து ஆவணக் கடிதம் வாங்கலாம், வின்செஸ்டர் பழைய ரெக்கார்டு வயோமிங்ல கோடி மியூசியத்துல இருக்கு. பெரிய தொகைன்னா அந்த கடிதம் வந்ததுக்கு அப்புறம் பேசலாம்னு சொல்லுங்க, ஒத்துக்காதவர்கிட்ட வாங்காதீங்க.

பேரம்

தி.நகர்ல பாதி விலையில ஆரம்பிக்குற மாதிரி இங்க ஆரம்பிச்சா முகத்தை திருப்பிக்குவாங்க. பொருளை குறை சொல்லி விலை குறைக்கப் பாக்குறதும் வேலைக்கு ஆகாது, அவர் அதை 30 வருஷம் வச்சிருந்திருப்பார். கேஷா குடுத்தா என்ன விலைக்கு வரும்னு ஒரே ஒரு கேள்வி, கேட்டுட்டு பேசாம நில்லுங்க. அவர் ஒரு நம்பர் சொல்வார். அது உங்க நோட்டுக்குள்ள வந்தா சரின்னு கை குடுங்க. கொஞ்சம் மேலன்னா ரெண்டு பொருளா சேர்த்து கேளுங்க, இல்ல ஸ்லிங், பயனெட், டப்பா தோட்டா சேர்த்து கேளுங்க, விலை இறக்க மனசு வராதவங்க பொருள் சேர்த்து குடுக்க யோசிக்க மாட்டாங்க. முடியலன்னா போன் நம்பர் குடுத்துட்டு நகருங்க, ரெண்டு தடவை எனக்கு திங்கக்கிழமை போன் வந்திருக்கு.

தோள்ல துப்பாக்கி, அந்த துப்பாக்கி வாயில ஒரு குச்சி, அதுல விலைச் சீட்டுன்னு ஹாலுக்குள்ள நடந்துட்டே விக்குறவங்ககிட்டயும் நல்லது கிடைக்கும், ஆனா ரெண்டு பேர் ஐடியும் பாத்து பில் எழுதி கையெழுத்து வாங்குங்க. எழுத மாட்டேன்னா வேண்டாம். உங்க மாநிலத்துல தேவை இல்லன்னாலும் அங்கயே இருக்குற லைசென்ஸ் டீலர்கிட்ட ஒரு சின்ன கட்டணம் குடுத்து ட்ரான்ஸ்ஃபர் பண்ணிக்குறது எனக்கு பழக்கம், திருட்டு பொருள் தலைவலி நம்ம வீட்டுக்கு வரக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும்

சி அண்ட் ஆர்ல வாங்குனதை அன்னைக்கே நோட்டுல ஏத்துங்க, வித்தவர் பேர், விலாசம், சீரியல், தேதி எல்லாம். நாலு பக்கமும் போட்டோ எடுங்க, இன்சூரன்சுக்கு உதவும். பூட்டுற சேஃப் இல்லாம துப்பாக்கி வீட்டுக்குள்ள வரக்கூடாது, குழந்தைங்க இருக்குற வீடுன்னா இதுல பேச்சே இல்ல, தோட்டா தனியா பூட்டுங்க.

மரத்தை உப்புத்தாள் போட்டு தேய்க்குற ஆசை வரும், வார்னிஷ் அடிக்குற ஆசை வரும், ப்ளூயிங் பூசுற ஆசை வரும். தயவு செஞ்சு செய்யாதீங்க, பாதி மதிப்பு ஒரு மதியத்துல போயிடும், அதைவிட அந்த 60 வருஷ கை பட்ட தடம் திரும்ப வரவே வராது. மெல்லிசா எண்ணெய், மென்மையான துணி, ரெனசான்ஸ் வாக்ஸ் கொஞ்சம், சேஃப்ல ஈரம் உறிஞ்ச சிலிகா பை, இது போதும்.

சுடணும்னா முதல்ல கன்ஸ்மித்கிட்ட கொண்டு போய் ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டா அறையில சரியா உக்காருற அளவு, பாத்துடுங்க. என் 2ஏ1ஐ அவர் கேஜ் போட்டு பாத்துட்டு நல்லாருக்குன்னு தலையாட்டினப்புறம்தான் ரேஞ்சுக்கு எடுத்துட்டு போனேன். 50 கஜம், அஞ்சு ரவுண்டு. போல்ட்டை இழுக்குறப்போ வர்ற அந்த வழுவழு சத்தம் லீ-என்ஃபீல்ட் தவிர வேற எதுலயும் வராது. பக்கத்து லேன்காரர் வந்து என்ன சார் இதுன்னு கேட்டார், சிங்க முத்திரையை காட்டி இஷாப்பூர்னு சொன்னேன், அவருக்கு அஞ்சு ரவுண்டு குடுத்தேன்.